ஃபத்தீக்கா: உழைப்பா, களைப்பா?

தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உதவி வேண்டும்.

இத்தாலியச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். சலேர்னோ பக்கத்துக் கிராமம், ஒரு வயதான கொத்தனார், அவருடைய மகன், பாதியில் நிற்கும் ஒரு சுவர். அவ்வளவுதான் கதை. பத்துப் பக்கத்தில் ஆறு இடத்தில் ஃபத்தீக்கா என்ற சொல் வருகிறது. அகராதியில் முதலில் இருப்பது, உடலாலோ மனத்தாலோ செய்யும் கடும் முயற்சி. அடுத்தது, அந்த முயற்சியால் வரும் களைப்பு. அதற்கும் கீழே, சிரமம். சரி, இடத்துக்குத் தக்கபடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். நான்கு இடம் ஒருவழியாக முடிந்தது. ஒன்று அரைகுறையாக நிற்கிறது. மாட்டிக்கொண்டது கடைசிப் பக்கம். மகன் அப்பாவின் கையைப் பார்க்கிறான்:

"வாழ்நாள் முழுக்க வேலை செய்தார், அந்த ஃபத்தீக்கா அவர் கைகளிலேயே தங்கிவிட்டது."

கையில் தங்கியது உழைப்பா, களைப்பா? 'உழைப்பு' என்று போட்டால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது, அவருக்கு வலித்தது காணாமல் போகிறது. 'களைப்பு' என்றால் ஒரு டீ குடித்தால் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அங்கே உள்ளவர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று தெரிந்தால் பிடி கிடைக்கும்.

சொல்தேடி

இத்தாலியனில் 'செய்தது' என்பதற்கு ஃபாத்தோ என்பார்கள் இல்லையா? அதிலிருந்து வந்ததாக இருக்கும். செய்வது, செய்து களைப்பது. விதி என்று பொருள்படும் ஃபாத்தோவும் இருக்கிறது. தலைவிதியே என்று உழைப்பது என்றும் எடுக்கலாம்.

கடலோரன்

வணக்கம் தென்கரை அக்கா. நான் நேப்பிள்ஸில் படிக்கிறேன், மூன்றாவது வருடம். வேர்ச்சொல் எனக்குத் தெரியாது, புழக்கம் சொல்கிறேன். ஏனென்றால் இந்தச் சொல்லால் வந்த முதல் வாரமே எனக்கு ஒரு பாத்திரம் நிறையச் சாப்பாடு கிடைத்தது.

ஊரில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய்ப் புத்தக இத்தாலியன் படித்துவிட்டு வந்தவன் நான். ஃபுவோரிகுரோத்தா பகுதியில் அறை. வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் வயது. படிக்கட்டில் பார்த்தவுடன் "து ஃபத்தீக்க?" என்றார். பயணக் களைப்பா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. மறுநாள் மதியம் மொச்சை போன்ற ஒரு பயறு போட்டுச் சமைத்த பாஸ்தாவை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து கதவைத் தட்டினார். மூன்று நாள் இப்படியே நடந்தது. அப்புறம் பக்கத்து அறைப் பையன்தான் சொன்னான்: "அவர் கேட்டது, நீ வேலைக்குப் போகிறாயா என்று. நீ இல்லை என்று சொல்லிவிட்டாய்."

நேப்பிள்ஸ் பேச்சில் ஃபத்தீக்கா என்றால் வேலை. உத்தியோகம், கூலி வேலை, கடை வேலை, எல்லாம் அதுதான். கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்து ஃபத்திக்கா என்றால் வேலை செய்வது. காலையில் பேருந்து நிறுத்தத்தில் "வாக்கோ அ ஃபத்திக்கா" என்று கேட்கும், வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அங்கே ஒரு சொலவடையும் உண்டு: உழைக்கிறவன் சாப்பிடுகிறான், உழைக்காதவன் சாப்பிட்டுக் குடிக்கவும் செய்கிறான். இதிலும் உழைப்புக்கு வருவது அதே சொல்தான்.

சலேர்னோ நேப்பிள்ஸுக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். உங்கள் கொத்தனார் இந்தப் பேச்சுக்காரர். அவர் வாயில் வரும் ஃபத்தீக்கா எது, கதாசிரியரின் நடையில் வருவது எது என்று பிரித்துப் பாருங்கள்.

தென்கரை

கடலோரன் தம்பி, நன்றி. அந்தப் பாட்டிக்கும் நன்றி.

நீங்கள் சொன்னதால் ஒரு இடம் இப்போதே திருந்தியது. மகனிடம் அவர் "அங்கே ஃபத்தீக்கா இருக்கிறதா?" என்று கேட்கிறார். மகன் வடக்கே தோரினோவுக்குப் போகப்போகிறான். நான் "அங்கே கஷ்டமாக இருக்குமா?" என்று எழுதிவைத்திருந்தேன். அவர் கேட்டது "அங்கே வேலை கிடைக்குமா?" என்று! முடிந்ததாக நினைத்த நான்கில் ஒன்று தப்பு.

பழம்பாடம்

நான் பணி ஓய்வு பெற்ற இலத்தீன் ஆசிரியன். வேரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சொல்தேடி, இரண்டு ஃபாத்தோவும் இதற்கு உறவில்லை. 'செய்தது' ஃபாகெரே என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'விதி' ஃபாரி என்பதிலிருந்து வந்தது. அதற்குச் சொல்லுதல் என்று பொருள், தெய்வம் சொல்லிவிட்டது, அதுதான் விதி. ஃபத்தீக்கா வேறு குடும்பம். அதன் தாய் இலத்தீனின் ஃபத்திகாரே என்ற வினைச்சொல்: களைக்கவைத்தல், அலைக்கழித்தல், நச்சரித்தல். குதிரையைக் களைக்க ஓட்டுவதற்கும் எதிரியை ஓயவிடாமல் தொல்லைப்படுத்துவதற்கும் இதைச் சொல்வார்கள். வினைதான் முதலில், பெயர்ச்சொல் பிற்காலத்துப் பேச்சு இலத்தீனில் அந்த வினையிலிருந்து கிள்ளி எடுத்தது. அந்தக் குடும்பத்தில் வந்தவைதான் இத்தாலியனின் ஃபத்தீக்கா, ஸ்பானியனின் ஃபத்திகா, போர்த்துக்கீசியனின் ஃபதிகா, பிரெஞ்சின் ஃபத்தீக் எல்லாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

ஃபத்திகாரே எப்படிப் பிறந்தது? இலத்தீனில் -இகாரே என்று முடியும் வினைகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. நாவிஸ் என்றால் கப்பல், அகெரே என்றால் ஓட்டுதல். இரண்டும் சேர்ந்து நாவிகாரே, கப்பலோட்டுதல். லித்திகாரே அதே மாதிரி, வழக்காடுதல். அப்படியானால் ஃபத்திகாரேயின் முன்பாதியில் ஃபாத்திஸ் என்றொரு சொல் இருக்கவேண்டும். அது தனியாக எங்கும் நமக்குக் கிடைக்கவில்லை. 'அஃபாத்திம்' என்ற ஒரு சொல்லுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: போதும் போதும் என்கிற அளவுக்கு, வெடிக்கிற அளவுக்கு என்று பொருள். அதோடு உறவுடையதாகக் கருதப்படும் இன்னொரு வினை ஃபத்திஸ்கெரே: பிளவுபடுதல், வாய்பிளத்தல். ஆக, வெடிக்கும் எல்லைவரை ஓட்டுவது என்பதுதான் ஃபத்திகாரே. அறிஞர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது. முன்பாதி ஊகம்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஃபத்திஸ்கெரேக்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜிலிடம் இரண்டு இடம் உண்டு, பாடம் நடத்தும்போது எனக்கு மிகவும் பிடித்தவை. ஈனெயிட் காவியத்தின் முதல் காண்டத்தில் புயல் அடித்துக் கப்பல்களின் விலாப் பலகைகள் இணைப்பு விட்டுப்போகின்றன, கப்பல்கள் கீறல்களாய் வாய்பிளந்து தண்ணீரை உள்ளே விடுகின்றன. இன்னொன்று விவசாயத்தைப் பற்றி அவர் எழுதிய ஜியார்ஜிக்ஸில். கதிரடிக்கும் களத்தை எப்படித் தயார் செய்வது என்று சொல்கிறார்: பெரிய உருளை போட்டுச் சமன் செய், கையால் கிளறிவிட்டுப் பசைக் களிமண் போட்டுக் கெட்டிப்படுத்து, இல்லாவிட்டால் புல் முளைக்கும், களம் புழுதியாகி வெடிப்பு விடும். அந்த 'வெடிப்பு விடும்' என்ற இடத்தில் இருப்பது இந்தச் சொல். வெயிலில் காய்ந்த களத்துமேட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தென்கரை

ஐயா, களத்து வெடிப்பு என்றதும் எனக்கு அந்தக் கொத்தனாரின் கைதான் கண்ணுக்கு வந்தது. சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களின் விரல் இடுக்கு எப்படி வெடித்திருக்கும்! கதையிலும் அப்படி ஒரு வரி முன்னாலேயே வந்துவிடுகிறது, குளிர்காலத்தில் கைவெடிப்பில் ஆலிவ் எண்ணெய் தடவுவார் என்று.

சொல்தேடி

திருத்தியதற்கு நன்றி ஐயா. ஒரு சின்னக் கேள்வி. தமிழில் இதை எப்படி எழுதுவது? 'ஃபதிகா' என்று எழுதினால் சுருக்கமாக இருக்கிறதே.

பழம்பாடம்

எழுதலாம். ஆனால் தமிழ் வழக்கப்படி வாசித்தால் நடுவில் வரும் தகரமும் ககரமும் மெலிந்து ஒலிக்கும். அப்போது அது பொது இத்தாலியன் பிறந்த தஸ்கனியின் சொல்லாக இருக்காது, வெனிஸின் சொல்லாகிவிடும்! வெனிஸிலும் மிலானிலும் இதைத் தமிழ்க்காரர் வாசிப்பது போலத்தான் மெலித்துச் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியரும் அப்படியே. பொது இத்தாலியனில் இரண்டும் வல்லோசை, நடுவில் உள்ள தீ நீண்டு ஒலிக்கும். ஆகவே ஃபத்தீக்கா.

சுழல்தண்டு

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். மொழி ஆராய்ச்சி எனக்குத் தூரம். ஆனால் ஐயா வெடிப்பு என்று எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்களிடம் ஒரு பழைய இத்தாலிய இயந்திரம் இருக்கிறது. அதன் கையேட்டில் 'ரொத்தூரா பெர் ஃபத்தீக்கா' என்று ஒரு பக்கம். ஃபத்தீக்காவால் வரும் முறிவு என்று அர்த்தம். உலோகத்துக்கும் இதே சொல்தான். அதிகப் பாரம் போட்டு ஒரே அடியில் ஒடிவது வேறு. இது, தாங்கக்கூடிய பாரத்தையே திரும்பத் திரும்ப லட்சம் தடவை தாங்கித் தாங்கி ஒருநாள் ஒடிவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளை வைத்து இதை ஆராய்ந்தார். எத்தனை பாரத்தை எத்தனை தடவை தாங்கும் என்று காட்டும் வரைகோட்டை இத்தாலியர்கள் இன்றைக்கும் வோலர் வளைகோடு என்றுதான் சொல்கிறார்கள்.

போன வருடம் பம்ப் ஷாஃப்ட் ஒன்று ஒடிந்து வந்தது. ஒடிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கதை முழுக்கத் தெரியும். சாவிக்கட்டை பொருத்தும் பள்ளம் இருக்குமே, கீவே, அதன் மூலையில் ஒரு புள்ளி. அதிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், மணலில் அலை வந்து வந்து விட்டுப்போன தடம் மாதிரி. அந்தப் பகுதி தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். முக்கால்வாசி தூரம் அப்படி. மீதிக் கால்வாசி மட்டும் சர்க்கரைக்கட்டியை உடைத்தது போல் சொரசொரப்பு. அது கடைசி நிமிடத்தில் ஒடிந்தது. அதாவது மாதக்கணக்கில் உள்ளே வெடிப்பு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியில் பார்த்தால் ஷாஃப்ட் நன்றாகத்தான் சுற்றியது, தண்ணீரும் வந்தது.

மனிதனுக்குச் சொன்ன சொல்லை இரும்புக்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஐயா சொன்னதைப் பார்த்தால், பிளவு என்ற ஆதிப் பொருளுக்கே அது இரும்பில் திரும்பி வந்திருக்கிறது.

கடலோரன்

அண்ணா, நான் படிப்பதும் உலோகம் போன்ற பொருட்களைப் பற்றிய பொறியியல்தான்! உலோகச் சோர்வு என்ற பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுத்ததே இத்தாலியக் கடலில் நடந்த விபத்துதான். 1954 ஜனவரி 10, காமெட் என்ற ஜெட் விமானம் ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பி எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே உடைந்து விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். அந்த விமானம் 1,290 தடவைதான் பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும், உடல் கொஞ்சம் உப்பித் தணியும். மூன்று மாதத்தில், ஏப்ரல் 8 அன்று, ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் போன இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் பக்கத்துக் கடலில் விழுந்தது. பிறகு இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அதுவும் பிளந்தது. எல்பா விமானத்தில் கூரையில் இருந்த ஒரு சின்னத் திறப்பின் ஓரத்தில்தான் வெடிப்பு தொடங்கியது என்று கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

வெண்சீருடை

ரோமில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவமனையில் இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆபத்து, அதனால் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் இரவு நேரம் ஒரு முதியவர் என்னிடம் "ஃபாச்சோ ஃபத்தீக்கா" என்று ஆரம்பித்து மெதுவாக இன்னும் ஏதோ சொன்னார். ஃபத்தீக்கா காதில் விழுந்ததும் களைப்பாக இருக்கிறது என்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். போர்வையை இழுத்துவிட்டு, தூங்குங்கள் தாத்தா என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் ஓடிவந்து கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். அவர் சொன்ன முழு வாக்கியம் "ஃபாச்சோ ஃபத்தீக்கா அ ரெஸ்பிராரே": மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். அந்த இரவு எனக்கு மறக்காது.

வெறும் களைப்புக்கு இங்கே ஸ்தாங்கெத்ஸா என்று வேறு சொல் இருக்கிறது. 'நான் ஸ்தாங்கோ' என்றால் ஓய்வெடுத்தால் தீரும். ஆனால் 'ஃபாரே ஃபத்தீக்கா' என்றால் ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறது, ஆனால் உடம்போ மனசோ முக்கி முனகித்தான் முடிகிறது. நடக்க, விழுங்க, நம்ப, மன்னிக்க, எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில்: ஃபத்தீக்கா வேலை முடிந்த பிறகு வருவது இல்லை. வேலை நடக்கும்போதே கூட இருப்பது.

சொல்தேடி

பிரசவ வலிக்கும் இதுவா?

வெண்சீருடை

இல்லை. அதற்கு த்ரவாலியோ. பிரசவ வார்டில் தினமும் கேட்கும்.

பழம்பாடம்

த்ரவாலியோ இன்னும் கொடூரமான இடத்திலிருந்து வந்தது. மூன்று கழிகளை நட்டுக் கட்டிவைத்து வதைக்கும் கருவி ஒன்றின் பெயரில்தான் அதன் வேர் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். பிரெஞ்சிலும் ஸ்பானியனிலும் அந்தச் சொல் 'வேலை' என்றே ஆகிவிட்டது. வேலைக்குப் பொது இத்தாலியனில் சொல்லும் லவோரோவும் யோக்கியம் இல்லை. இலத்தீனில் லாபோர் என்றால் பாடு, துன்பம். வேலை என்று பொருள்படும் சொற்களில் பாதி, துன்பத்தில் பிறந்தவை. பிறகு லவோரோ ஊதியம், அலுவலகம், சட்டம் என்று மேல்மாடிக்குப் போய்விட்டது. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டத்தின் முதல் வரியே, இத்தாலி லவோரோவை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகக் குடியரசு என்கிறது. லாபோரில் இருந்த வலியை அதற்குப் பிறகு ஃபத்தீக்காதான் சுமக்கிறது என்பது என் எண்ணம். ஹெர்குலிஸின் பன்னிரண்டு அரும்பணிகளை இத்தாலியர்கள் லவோரோ என்பதில்லை, 'ஃபத்தீக்கே' என்றுதான் சொல்கிறார்கள்.

பலெர்மோத் தம்பி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இருபது வருசமாகச் சிசிலியில் பலெர்மோவில் இருக்கிறேன். இங்கே வேலைக்கு ஃபத்தீக்கா என்று சொல்லமாட்டார்கள். ஐயா சொன்ன த்ரவாலியோவின் உறவு, த்ரவாக்யு என்று கதைப்பார்கள். நேப்பிள்ஸில் இருந்து வந்த கூட்டாளி ஒருவன் ஃபத்தீக்கா தேடுகிறேன் என்று சொல்லப்போய், இவன் ஏன் வீணாகக் களைப்பைத் தேடுகிறான் என்று என் முதலாளி என்னிடம் கேட்டார்.

ஆனால் மற்ற ஃபத்தீக்கா இங்கேயும் நன்றாக இருக்கிறது. பலெர்மோவுக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா கோயில். எங்கள் தமிழ் ஆட்கள், சைவம் கிறிஸ்தவம் என்று பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுவோம். செப்டம்பர் 4 திருநாளுக்கு ஊரே ஏறும், அந்த ஏற்றத்துக்கு அக்கியனாத்தா என்று பெயர். கல்லுப் பாதை, சிலர் செருப்பில்லாமல். போன முறை என் அம்மாவும் ஏறினா, முழங்கால் வருத்தக்காரி. மேலே போய்ச் சேர்ந்து குகை வாசலில் இருந்தபோது பக்கத்தில் ஏறி வந்த ஒரு சிசிலிக்கார அம்மா நெஞ்சில் கை வைத்து "கே ஃபத்தீக்கா!" என்றா. முகத்தில் சிரிப்பு. அம்மாவுக்கு இத்தாலியன் பெரிதாகத் தெரியாது. "ஓம், சரியான பாடுதான் பிள்ளை" என்று தமிழில் சொன்னா. இரண்டு பேரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள்.

அந்த 'கே ஃபத்தீக்கா' முறைப்பாடு இல்லை. ஏறிவிட்டோம் என்ற சந்தோசமும் அதுக்குள்ளேயே இருந்தது.

தென்கரை

தம்பி, உங்கள் அம்மா சொன்ன சொல்லை எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாடு.

ஏற்காட்டு மிதி

சேலத்தில் உடற்கல்வி ஆசிரியன், சைக்கிள் பைத்தியம். வருடா வருடம் மே மாதம் 'ஜிரோ தி இத்தாலியா' என்ற சைக்கிள் பந்தயத்தை இத்தாலிய வர்ணனையோடுதான் பார்ப்பேன். பாதி புரியாது. ஆனால் ஃபத்தீக்கா என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சைக்கிள், மாரத்தான், நெடுந்தூரப் பனிச்சறுக்கு இவற்றுக்கு அங்கே 'ஃபத்தீக்கா விளையாட்டு' என்றே பெயர். பந்தை வைத்து வித்தை காட்டுவது ஒரு இனம், தாங்கிக்கொண்டு போவது இன்னொரு இனம். 1953இல் முதன்முதலாக ஆல்ப்ஸ் மலையின் ஸ்தெல்வியோ கணவாயைப் பந்தயத்தில் சேர்த்தார்கள். 2,758 மீட்டர் உயரம், பிராத்தோ பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவு. அதில்தான் ஃபௌஸ்தோ கோப்பி என்ற இத்தாலிய வீரர் தன் போட்டியாளரைப் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக ஏறினார். களைப்புக்கு அங்கே அவமானம் இல்லை, மரியாதை.

தோரினோவில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்று ஒரு உடலியல் அறிஞர் இருந்தார். 1891இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே இந்தச் சொல்தான். எர்கோகிராஃப் என்று ஒரு கருவி செய்தார்: முன்கையைக் கட்டிவைத்துவிட்டு, நடுவிரலில் நூல், நூலின் முனையில் எடை. தாளத்துக்கு ஏற்ப விரலை மடக்கி மடக்கி எடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கலின் உயரமும் கரிபூசிய தாளில் கோடாக விழும். கோடுகள் குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் அந்த இறக்கம் ஒவ்வொரு மாதிரி, ஆனால் ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் அதே மாதிரி என்று கண்டார். மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியரின் விரலும் சீக்கிரம் ஓய்ந்துபோனதாம். தூக்கியது விரல், களைத்தது மூளை!

நான் பள்ளியில் மணல் பை, நூல், கப்பி வைத்து ஒன்று செய்து பார்த்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர். ஒருத்தி ஆரம்பத்தில் மிக உயரமாகத் தூக்கிச் சட்டென்று நின்றாள். இன்னொரு பையன் முதலிலிருந்தே குறைவாகத்தான் தூக்கினான், ஆனால் நிற்கவே இல்லை, நான்தான் போதும் என்றேன். அவன் காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வருகிறவன்.

சொல்ல வந்தது இதுதான். அந்தத் தாளில் இருக்கும் கோடு முயற்சியா, களைப்பா? உயரம் முயற்சி, இறக்கம் களைப்பு. கோடு ஒன்றுதான்.

சொல்தேடி

அருமை. ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல் தேடுவதே வேண்டாத வேலை. இடத்துக்கு ஏற்ப உழைப்பு, சிரமம், களைப்பு என்று மாற்றிப் போடுவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு. வாசகருக்கு இத்தாலியனில் ஒரே சொல் இருந்தது தெரியவேண்டிய அவசியம் என்ன?

பழம்பாடம்

மற்ற இடங்களில் நீங்கள் சொல்வது சரி. கடைசி இடத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும், அதனால்தான் தென்கரை கேட்கிறார். அப்படி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." மெய்வருத்தம் என்றால் உடல் பட்ட சிரமம், அதுவே உழைப்பு. கூலி வருத்தத்துக்குத்தான். மத்தேயு நற்செய்தியில் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று வருமே, அங்கே கிரேக்க மூலத்தில் உழைத்துக் களைத்தவர்கள் என்று இரண்டையும் குறிக்கும் ஒரே சொல். இலத்தீன் அதற்கு லாபோரின் வினையைப் போட்டது. இத்தாலிய ஆயர்களின் 1974ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் நம் ஃபத்தீக்கா குடும்பத்து 'அஃபத்திக்காத்தி' இருந்தது. 2008இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு 'ஸ்தாங்கி', களைத்தவர்கள், என்று மாற்றினார்கள். வாசிக்க எளிது. எனக்கு அந்த மாற்றம் மனசுக்கு ஒப்பவில்லை. உழைத்ததால் களைத்தார்கள் என்பது போய்விட்டது. பழைய தமிழ் வேதாகமம் 'வருத்தப்பட்டு' என்று போட்டது எவ்வளவு சரி!

கடலோரன்

ஐயா, இன்றைக்கு 'வருத்தம்' என்றால் மனக்கவலை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? "அந்த வருத்தம் அவர் கையில் தங்கிவிட்டது" என்றால் யாருக்கும் புரியாதே.

பலெர்மோத் தம்பி

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். கைக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்றுதான் வாசிப்போம்.

பழம்பாடம்

ஒப்புக்கொள்கிறேன். பொருள் மெலிந்துவிட்டது.

சுழல்தண்டு

எங்கள் பட்டறையில் 'பாடுபட்டவன்' என்றால் போதும், வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். பாட்டாளி என்ற சொல்லே அதிலிருந்துதானே. படுவதும் பாடுதான், செய்வதும் பாடுதான்.

தென்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஆறு இடத்தையும் திரும்ப எழுதினேன்.

கொத்தனார் மகனிடம் கேட்பது "அங்கே வேலை கிடைக்குமா?" என்று மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து ஃபத்தீக்கா ஸ்ப்ரெக்காத்தா என்கிறார், அது "வீண்பாடு". நாற்காலியிலிருந்து 'அ ஃபத்தீக்கா' எழுந்தார் என்பதை "களைப்போடு எழுந்தார்" என்று முதலில் எழுதியிருந்தேன். வெண்சீருடை எழுதியதைப் படித்த பிறகு "முக்கி முனகி எழுந்தார்" ஆக்கினேன். மாலையில் வேலை முடிந்து வருகிற இடத்தில் "அலுப்பு", அதில் மாற்றமில்லை.

அரைகுறையாக நின்றது ஐந்தாவது. ஊர்ப் பாதிரியார் அந்தச் சுவரை அவருடைய 'உல்த்திமா ஃபத்தீக்கா' என்கிறார். பத்திரிகைகளில் எழுத்தாளருடைய புதுப் புத்தகத்துக்கும் இயக்குநருடைய புதுப் படத்துக்கும் இப்படி எழுதுவது அங்கே வழக்கம் என்று தெரியும். பாதிரியார் அந்தக் கௌரவத்தைக் கொத்தனாருக்குக் கொடுக்கிறார். கடைசி வேலை என்றும் ஆகிறது, கடைசிப் படைப்பு என்றும் ஆகிறது. "கடைசியாகப் பாடுபட்டுக் கட்டியது" என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

கடைசிப் பக்கம்:

"வாழ்நாள் முழுக்க வேலை செய்தார், பட்ட பாடு அவர் கைகளிலேயே தங்கிவிட்டது."

வெண்சீருடை

அக்கா, படித்தவுடன் கண் கலங்கிவிட்டது. ஒன்றே ஒன்று. 'கைகளிலேயே' வேண்டாம், 'கையிலேயே' போதும். மகன் மனசுக்குள் சொல்லிக்கொள்கிற வரி அது.

தென்கரை

மாற்றிவிட்டேன்.